அரை விழுக்காடு வட்டிக்காக வங்கியை மாற்றலாமா?

மாணவர்களே, இந்த வாரம் நமக்குச் சோதனைக்குழாயும் தேவையில்லை, பன்சன் அடுப்பும் தேவையில்லை. உங்கள் வங்கிச் சேமிப்புப் புத்தகத்தை எடுத்து வையுங்கள். புத்தகம் இல்லாதவர்கள் அப்பா அம்மாவிடம் கேட்டு இரண்டு எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் பெயரில் உள்ள கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது? அதற்கு ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு வட்டி கிடைக்கிறது? ஒரு கால்குலேட்டரும் ஒரு பென்சிலும் இருந்தால் பாடத்தைத் தொடங்கிவிடலாம்.

கேள்வி இதுதான். உங்கள் வங்கி ஆண்டுக்கு 2.0 விழுக்காடு வட்டி தருகிறது என்று வைத்துக்கொள்வோம். வேறொரு வங்கி 2.5 விழுக்காடு தருவதாக விளம்பரம் செய்கிறது. பணத்தை அங்கே மாற்றலாமா?

வகுப்பில் இப்படிக் கேட்டால் பாதிக்கு மேற்பட்ட கைகள் உடனே உயரும். “மாத்தலாம் டீச்சர், கூடுதலாத்தானே கிடைக்குது!” என்பார்கள். 2.0-ஐ விட 2.5 பெரியது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் முடிவெடுக்கத் தேவையான எண்களில் பாதி இன்னும் நம் கையில் இல்லை.

விகிதம் வேறு, தொகை வேறு

ஒரு கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. இன்னொன்று மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. இரண்டாவது கார் எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும்? தூரத்தைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. 2 கிலோமீட்டர் தூரம் என்றால் மிச்சம் ஏழு விநாடிகூட இல்லை. ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூருக்குச் சுமார் 330 கிலோமீட்டர்; அதே வேகத்தில் போக முடிந்தால் மிச்சம் 18 நிமிடம். வேக வேறுபாடு மாறவில்லை, தூரம்தான் மாறியது.

வட்டி விகிதமும் வேகத்தைப் போன்றதுதான். அது தனியாக நின்று எதையும் சொல்லாது. பணத்தாலும் காலத்தாலும் பெருக்கினால்தான் ரிங்கிட்டாக மாறும்.

வட்டி = முதல் × ஆண்டு வட்டி விகிதம் × காலம் (ஆண்டில்)

இப்போது இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் நீங்கள். தீபாவளிக்குக் கிடைத்த அன்பளிப்புப் பணம், பிறந்தநாள் பணம் எல்லாம் சேர்த்து 1,200 ரிங்கிட் வைத்திருக்கிறீர்கள். இன்னொருவர் உங்கள் பாட்டி. பல ஆண்டு வேலை செய்து சேர்த்த 80,000 ரிங்கிட் அவர் கணக்கில் இருக்கிறது. இருவருக்கும் வட்டி வேறுபாடு 0.5 விழுக்காடு, அதாவது 0.005.

உங்களுக்கு: 1,200 × 0.005 × 1 = 6 ரிங்கிட்
பாட்டிக்கு: 80,000 × 0.005 × 1 = 400 ரிங்கிட்

உங்களுக்கு மாதம் 50 சென். பாட்டிக்கு மாதம் 33 ரிங்கிட்டுக்கு மேல். ஆக, “அரை விழுக்காடு பெரியதா, சிறியதா?” என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. யாருடைய பணம், எவ்வளவு, எத்தனை காலம் என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

காலம் நீண்டால் வேறுபாடும் வளரும், ஏனென்றால் வட்டிக்கும் வட்டி கிடைக்கிறது. விகிதங்கள் இரண்டும் 10 ஆண்டு மாறாமல் இருந்து, ஆண்டுதோறும் வட்டி முதலோடு சேர்ந்தால், பாட்டியின் 80,000 ரிங்கிட் பழைய வங்கியில் 97,519.55 ஆகும், புதிய வங்கியில் 102,406.76 ஆகும். வேறுபாடு 4,887 ரிங்கிட்டுக்கு மேல். உங்கள் 1,200 ரிங்கிட்டுக்கு அதே பத்து ஆண்டில் வேறுபாடு 73 ரிங்கிட்தான்.

விளம்பரத்தில் வரும் விழுக்காடு

2.0-லிருந்து 2.5-க்கு உயர்ந்ததை இரண்டு விதமாகச் சொல்லலாம். “வட்டி 0.5 விழுக்காட்டுப் புள்ளி கூடியது” என்பது ஒன்று. “25 விழுக்காடு கூடுதல் வட்டி!” என்பது இன்னொன்று. இரண்டுமே உண்மை. 0.5-ஐ 2.0-ஆல் வகுத்தால் கால் பங்கு, அதாவது 25 விழுக்காடு. எதைப் பெரிய எழுத்தில் போடுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு வரியைப் பார்த்தால், “எதில் 25 விழுக்காடு?” என்று கேளுங்கள். முதலில் 25 விழுக்காடு அல்ல, முன்பு கிடைத்த வட்டியில் 25 விழுக்காடு. உங்கள் 24 ரிங்கிட் வட்டி 30 ரிங்கிட் ஆகும், அவ்வளவுதான்.

மாறுவதற்கு ஆகும் செலவு

இதுவரை வரவை மட்டும் பார்த்தோம். செலவையும் கழித்துப் பார்க்க வேண்டும். புதிய வங்கியின் அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் 8 ரிங்கிட் என்றும், பழைய அட்டைக்குக் கட்டணம் இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். உங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் வட்டி 6 ரிங்கிட். ஆண்டுக்கு 2 ரிங்கிட் நட்டம்! அதிக வட்டி தரும் வங்கிக்கு மாறி, பணத்தைக் குறைத்துக்கொண்டதாகத்தான் ஆகும்.

எவ்வளவு பணம் இருந்தால் நட்டம் வராது? இதற்கு ஓர் எளிய சூத்திரம்:

சமநிலைத் தொகை = ஆண்டுச் செலவு ÷ வட்டி விகித வேறுபாடு

8 ÷ 0.005 = 1,600 ரிங்கிட். இதற்குக் கீழே இருந்தால் மாறுவது நட்டம், மேலே இருந்தால் இலாபம். முதல் ஆண்டில் கிளைக்குப் போய்வரப் பேருந்துக்கு 4 ரிங்கிட் செலவானால், 12 ÷ 0.005 = 2,400 ரிங்கிட். கட்டணமே இல்லாத கணக்கு என்றால் சமநிலைத் தொகை பூச்சியம். அப்போது செலவாவது உங்கள் நேரம் மட்டும்தான். அதையும் எண்ணால் பார்க்கலாம். இரண்டு மணி நேரம் செலவழித்து ஆண்டுக்கு 6 ரிங்கிட் பெற்றால், முதல் ஆண்டில் உங்கள் உழைப்புக்கு மணிக்கு 3 ரிங்கிட். பாட்டிக்கு மணிக்கு 200 ரிங்கிட்.

ஒப்பிடும்போது மற்றவை சமமாக இருக்கட்டும்

தமிழ்ப்பள்ளியில் அறிவியல் படித்தவர்களுக்குத் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்ற மூன்றும் மறந்திருக்காது. ஒரு செடிக்கு வெயில் படும்படியும், இன்னொரு செடிக்கு வெயில் படாமலும் வைத்துச் சோதித்தால், மண்ணும் நீரும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வளர்ச்சி எதனால் மாறியது என்று சொல்ல முடியாது. இரண்டு சேமிப்புக் கணக்குகளை ஒப்பிடும்போதும் அப்படியே. வட்டி விகிதம் மட்டும்தான் வேறாக இருக்கிறதா, மற்றவையும் வேறா? நான்கு இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, காலம். “4 விழுக்காடு!” என்ற விளம்பரத்தின் அடியில் “முதல் 3 மாதங்களுக்கு” என்று சிறிய எழுத்தில் இருக்கலாம். 4 விழுக்காடு என்பது ஓர் ஆண்டுக்கான விகிதம். 1,000 ரிங்கிட்டுக்கு மூன்று மாதத்தில் கிடைப்பது 1,000 × 0.04 × 3/12 = 10 ரிங்கிட், 40 அல்ல. வேகத்துக்கு “மணிக்கு” என்ற அலகு எப்படியோ, வட்டி விகிதத்துக்கு “ஆண்டுக்கு” என்ற அலகு அப்படி. அலகை விட்டுவிட்டால் விடை தப்பாகும்.

இரண்டாவது, வரம்பு. “முதல் 5,000 ரிங்கிட்டுக்கு 3 விழுக்காடு, அதற்கு மேற்பட்ட தொகைக்கு 1 விழுக்காடு” என்று ஒரு கணக்கு இருக்கலாம். 20,000 ரிங்கிட் போட்டால் என்ன ஆகும்? 5,000-க்கு 150 ரிங்கிட், மீதி 15,000-க்கு 150 ரிங்கிட், மொத்தம் 300. உண்மையான விகிதம் 1.5 விழுக்காடு. எல்லாத் தொகைக்கும் 2 விழுக்காடு தரும் சாதாரணக் கணக்கில் 400 ரிங்கிட் கிடைத்திருக்கும். இது வெந்நீரையும் தண்ணீரையும் கலப்பது போன்றது. 30 பாகை செல்சியஸில் உள்ள 5 லிட்டர் நீரை 10 பாகையில் உள்ள 15 லிட்டர் நீரோடு கலந்தால், வெப்பம் வெளியே போகாத வரை, கலவையின் வெப்பநிலை 15 பாகைதான். நடுவிலுள்ள 20 அல்ல. அளவு எங்கே அதிகமோ, விடை அந்தப் பக்கம் சாயும்.

மூன்றாவது, வட்டி வரவு வைக்கப்படும் முறை. “தினமும் வட்டி!” என்றால் கேட்க நன்றாக இருக்கும். 1683-ஆம் ஆண்டில் யாக்கோப் பெர்னூலி என்ற சுவிட்சர்லாந்துக் கணித அறிஞர் இதே கேள்வியைத்தான் ஆராய்ந்தார்: வட்டியை மேலும் மேலும் அடிக்கடி சேர்த்தால் பணம் எல்லையில்லாமல் பெருகுமா? பெருகாது, ஓர் எல்லையை நெருங்கிக்கொண்டே போகும். அதிலிருந்து பிறந்த எண்ணின் மதிப்பு 2.718-க்குச் சற்று அதிகம். மேல்வகுப்புக் கணிதத்தில் அதைச் சந்திப்பீர்கள். நம் கணக்குக்கு வருவோம். 10,000 ரிங்கிட்டுக்கு ஆண்டுக்கு 3 விழுக்காடு என்றால், ஆண்டுக்கு ஒருமுறை வரவு வைத்தால் 300.00 ரிங்கிட், மாதந்தோறும் வைத்தால் 304.16, நாள்தோறும் வைத்தால் 304.53. மாதத்துக்கும் நாளுக்கும் உள்ள வேறுபாடு ஆண்டு முழுவதற்கும் 37 சென். வங்கியை மாற்ற இது ஒரு காரணமே அல்ல.

நான்காவது, பாதுகாப்பு. நம் நாட்டில் பி.ஐ.டி.எம். எனப்படும் மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் இருக்கிறது. அதன் உறுப்பு வங்கி ஒன்று நொடித்துப்போனால், ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 ரிங்கிட் வரை, முதலும் வட்டியும் சேர்த்து, பாதுகாப்பு உண்டு. இதற்கு நீங்கள் விண்ணப்பிக்கவோ கட்டணம் கட்டவோ தேவையில்லை. 2022 ஏப்ரலில் பேங்க் நெகாரா மலேசியா ஐந்து மின்னிலக்க வங்கி உரிமங்களுக்கான தேர்வை அறிவித்தபின், கைத்தொலைபேசியிலேயே தொடங்கும் கணக்குகள் வந்துவிட்டன. கட்டடம் இல்லை என்பதற்காக ஒரு வங்கியைச் சந்தேகிக்க வேண்டாம். உறுப்பு வங்கிப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். “மாதம் 5 விழுக்காடு தருகிறோம்” என்று டெலிகிராமில் செய்தி வந்தால், அது சேமிப்புக் கணக்கே அல்ல. நம் ஒப்பீட்டில் அதற்கு இடமில்லை.

இன்றைய அளவு நாளைக்கு மாறும்

வெப்பமானியைப் பார்த்து 31 பாகை என்று எழுதினால், அது அந்த நேரத்து அளவு. சேமிப்புக் கணக்கின் வட்டி விகிதமும் அப்படித்தான். பேங்க் நெகாரா நிர்ணயிக்கும் ஓ.பி.ஆர். என்ற கொள்கை வட்டி விகிதத்தைப் பாருங்கள். 2020 ஜூலையில், கோவிட் காலத்தில், அது 1.75 விழுக்காடு. 2023 மே மாதத்தில் 3.00 விழுக்காடு ஆனது. 2025 ஜூலையில் 2.75-க்கு இறங்கியது. இது நகரும்போது வங்கிகளும் தங்கள் விகிதங்களை மாற்றியமைக்கும். ஆகவே, இன்று அரை விழுக்காடு அதிகமாகத் தரும் வங்கி அடுத்த ஆண்டும் அதே அளவு அதிகமாகத் தரும் என்று எவரும் உறுதி கூற முடியாது. மேலே பத்து ஆண்டுக் கணக்குப் போட்டபோது “விகிதங்கள் மாறாமல் இருந்தால்” என்று எழுதியதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு முறை விகிதம் மாறும்போதும் வங்கி வங்கியாக ஓடினால், செலவு மட்டும் நிச்சயம், வரவு நிச்சயமில்லை.

பாட்டி ஏன் இன்னும் மாறவில்லை?

கணக்குப்படி பார்த்தால் பாட்டிதான் முதலில் மாறியிருக்க வேண்டும். ஆனால் உண்மையில் பெரிய தொகை வைத்திருக்கும் முதியவர்கள் பலர், குறைந்த வட்டியிலேயே ஆண்டுக்கணக்கில் பணத்தை விட்டுவைக்கிறார்கள். ஏன்?

வேதியியலில் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. இந்த நாளிதழின் தாளைச் சுற்றி உயிர்வாயு இருக்கிறது. தாள் எரிந்தால் வெப்பம் வெளிப்படும். ஆனாலும் அது தானாக எரிவதில்லை. வினை தொடங்க ஒரு தொடக்க ஆற்றல் வேண்டும். தீக்குச்சி அதைத் தருகிறது. வங்கி மாறுவதும் அப்படித்தான். முடிவில் இலாபம் இருந்தாலும், தொடக்கத்தில் ஒரு மேடு இருக்கிறது: மலாயிலும் ஆங்கிலத்திலும் உள்ள பாரங்கள், வரிசை எண், கைரேகை, கைத்தொலைபேசிச் செயலி, கடவுச்சொல். எழுபது வயதில் அந்த மேடு மலைபோலத் தெரியும்.

வினையூக்கி என்ன செய்யும்? அந்த மேட்டின் உயரத்தைக் குறைக்கும். தான் செலவாகிப் போகாது. வீட்டில் அந்த வேலையை நீங்கள் செய்யலாம். ஒரு தாளில் இரண்டு விகிதங்களையும் எழுதி, ஆண்டுக்கு எத்தனை ரிங்கிட் வேறுபாடு என்று தமிழில் காட்டுங்கள். “400 வெள்ளி பாட்டி, ஒவ்வொரு வருஷமும்” என்று சொன்னால் அவருக்குப் புரியும். 0.5 விழுக்காடு என்றால் புரியாமல் போகலாம்.

ஆனால் வினையூக்கி வினையின் திசையை முடிவு செய்வதில்லை. முடிவு பாட்டியுடையது. பழைய வங்கி வீட்டுக்கு அருகில் இருக்கலாம். சொக்சோ பென்ஷன் அந்தக் கணக்கில்தான் வரலாம். புத்தகத்தில் அச்சாகும் எண்ணைக் கண்ணால் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி வரலாம். இவற்றுக்கும் மதிப்பு உண்டு. ரிங்கிட்டில் எழுத முடியவில்லை என்பதற்காகப் பூச்சியம் என்று போட்டுவிடக் கூடாது. அந்த நிம்மதி ஆண்டுக்கு 400 ரிங்கிட்டுக்கு ஈடு என்று அவர் கருதினால், அது அறியாமை அல்ல. எண்ணைத் தெரிந்துகொண்டு எடுத்த முடிவு. எண்ணே தெரியாமல் இருப்பதுதான் இழப்பு. இன்னொன்று: உதவி செய்யும்போது அவருடைய கடவுச்சொல்லை நீங்கள் கேட்காதீர்கள், உங்கள் தொலைபேசியில் சேமித்தும் வைக்காதீர்கள்.

மாறினால், பழைய கணக்கை என்ன செய்வது?

அப்படியே விட்டுவிடாதீர்கள். பயன்படுத்தாத கணக்குக்கு வங்கி கட்டணம் பிடிக்கலாம். ஏழு ஆண்டுக்கு மேல் எந்தப் பரிமாற்றமும் இல்லாவிட்டால், 1965-ஆம் ஆண்டின் உரிமை கோரப்படாத பணச் சட்டப்படி அந்தப் பணம் அரசாங்கப் பதிவாளரிடம் போய்விடும். பிறகு விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம், ஆனால் அலைச்சல். தேவையில்லை என்றால் முறையாக மூடுங்கள். மூடுவதற்குக் கட்டணம் உண்டா என்று முதலில் கேளுங்கள். “சும்மா கிடக்கும் அட்டையைக் கொடு, 200 வெள்ளி தருகிறேன்” என்று யாராவது கேட்டால், நண்பனாக இருந்தாலும் கொடுக்காதீர்கள். மோசடிப் பணம் கைமாறும் அத்தகைய கணக்குகளைத்தான் ‘அக்காவுன் கெல்டாய்’ என்கிறார்கள். வழக்கு கணக்குக்கு உரியவர் மீது வரும்.

அப்படியானால் உங்கள் 1,200 ரிங்கிட்?

கட்டணம் இல்லாத, பி.ஐ.டி.எம். பாதுகாப்புள்ள, நிபந்தனை புரிந்த கணக்காக இருந்தால், பெற்றோரிடம் கேட்டு மாறலாம், தவறில்லை. மாறாவிட்டாலும் பெரிய இழப்பில்லை, ஆண்டுக்கு 6 ரிங்கிட். அதற்காக ஒரு வாரம் மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மாதம் 10 ரிங்கிட் கூடுதலாகச் சேமித்தால் ஆண்டுக்கு 120 ரிங்கிட். அது அந்த அரை விழுக்காட்டைப் போல் இருபது மடங்கு. தொகை சிறியதாக இருக்கும் வயதில் விகிதத்தைத் துரத்துவதைவிடத் தொகையை வளர்ப்பது பலன் தரும். தொகை வளர்ந்தபின், இதே சூத்திரம் உங்களுக்கு வேறு விடை தரும். அப்போது மறுபடியும் கணக்குப் போடுங்கள்.

செய்து பாருங்கள்

1. உங்களிடம் 900 ரிங்கிட் இருக்கிறது. வட்டி வேறுபாடு 0.75 விழுக்காட்டுப் புள்ளி. புதிய அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் 8 ரிங்கிட். ஓர் ஆண்டில் இலாபமா, நட்டமா?

2. உங்கள் தாத்தாவிடம் 30,000 ரிங்கிட் இருக்கிறது. வேறொரு வங்கி 6 மாதங்களுக்கு மட்டும் 1.2 விழுக்காட்டுப் புள்ளி அதிகம் தருகிறது. கூடுதல் வட்டி எவ்வளவு?

3. ஒரு கணக்கு முதல் 2,000 ரிங்கிட்டுக்கு 3.5 விழுக்காடும், மீதிக்கு 1 விழுக்காடும் தருகிறது. 8,000 ரிங்கிட் போட்டால் உண்மையான விகிதம் என்ன? எல்லாத் தொகைக்கும் 2 விழுக்காடு தரும் கணக்கு இதைவிட மேலா?

விடைகள்: (1) 6.75 – 8 = 1.25 ரிங்கிட் நட்டம். (2) 30,000 × 0.012 × 6/12 = 180 ரிங்கிட். (3) 70 + 60 = 130 ரிங்கிட், அதாவது 1.625 விழுக்காடு, 2 விழுக்காட்டுக் கணக்கில் 160 ரிங்கிட் கிடைக்கும், ஆகவே அதுவே மேல்.

மூன்றையும் முடித்தவர்கள், நான்காவதாக உங்கள் வீட்டுக் கணக்கின் உண்மையான எண்களைப் போட்டுப் பாருங்கள். அந்த விடையை வீட்டில் உள்ளவர்களோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள்.